கம்பளிக்குள் ஒரு இன்ஜினியர்

"ஃபேஷன் டிசைன்ல என்னடா இன்ஜினியரிங் இருக்கு?" என்று ஹாஸ்டல்ல ஒருத்தன் கேட்டான். பதில் சொல்ல எனக்கு ஒரு பழைய கம்பளிக் கேப் போதும். கேப் என்றால் கை வைக்காமல் தோளிலிருந்து தொங்கும் மேலங்கி. 1960-களில் அமெரிக்காவில் அதை வடிவமைத்தவர் பானி கேஷின்.

ஹாலிவுட் மலைப்பாதையில் கூரை திறந்த காரில் போகும்போது குளிருக்காக ஒரு போர்வையின் நடுவில் ஓட்டை போட்டுத் தலையை நுழைச்சுக்கிட்டாங்களாம். அவங்களோட பொஞ்சோ, கேப் எல்லாத்துக்கும் பின்னாடி இருக்கிற யோசனை இதுதான். கை வைத்துத் தைத்தால் அக்குள் அளவு சரியா இருக்கணும், உள்ளே தடிமனா ஸ்வெட்டர் போட்டா இறுக்கும். கேப்ல அந்தப் பிரச்சினையே இல்ல. எத்தனை அடுக்கு உடுத்தினாலும் மேல போட்டுக்கலாம்.

அப்புறம் விவரங்களைப் பாருங்க. கம்பளி முதல்ல தேயுறதும் பிரியுறதும் ஓரத்துலதான். அதனால ஓரம் முழுக்கத் தோல் வைத்துத் தைத்தாங்க. கையில சாமானோட பட்டன் போடுறது கஷ்டம். அதுக்கு, கார் கூரையை மாட்டி வைக்கிற பித்தளைத் திருகுபூட்டை எடுத்து உடைக்குக் கொண்டுவந்தாங்க. துளையில நுழைச்சு ஒரு திருப்பு, அவ்வளவுதான். 1962-லிருந்து கோச் நிறுவனத்துக்கு வடிவமைத்தபோது அதே பூட்டு கைப்பைகளுக்கும் போச்சு. கோச் பைகளில் இன்னிக்கும் அது இருக்கு.

"பணக்காரங்க போட்ட துணிதானே?" என்று கேட்கலாம். உண்மைதான், விலை குறைவில்லை. ஆனா நான் பேசுறது விலையைப் பற்றி இல்ல, யோசனை எங்கிருந்து தொடங்குது என்பதைப் பற்றி. அவங்க ஒவ்வொரு முறையும் உடம்பு என்ன செய்யப் போகுதுன்னு முதல்ல பார்த்தாங்க. பாகத்தை அப்புறம்தான் தேடினாங்க.

நாம தலைகீழா செய்றோம். எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், காய்கறித் தள்ளுவண்டிக்கு மோட்டார் பொருத்துறது. மூணு மாசம் டார்க், பேட்டரி கணக்குலயே போச்சு. பிரேக்கைக் கைப்பிடியில வெச்சோம். நாலாவது மாசம்தான் வண்டிக்கார அண்ணன்கிட்ட காட்டினோம். "இறக்கத்துல வண்டியைப் பிடிக்கவே ரெண்டு கையும் வேணும் தம்பி. பிரேக்கைக் கால்ல வைங்க"ன்னார். ஒரே வாக்கியத்துல எங்க டிசைன் காலி. ரெண்டு ரிவ்யூ முடிஞ்சிருந்தது. "இதை யார், எப்படிப் பிடிப்பாங்க?" என்று யாரும் கேட்கல. நாங்களும் கேட்டுக்கல.

அந்தக் கேள்வியை ஒரு துணி டிசைனர் அறுபது வருஷத்துக்கு முன்னாடியே கேட்டிருக்காங்க. அடுத்து ப்ராஜெக்ட் தொடங்கப் போற ஜூனியர்ஸ், சாஃப்ட்வேரைத் திறக்கிறதுக்கு முன்னாடி அதைப் பயன்படுத்தப் போறவரோட ஒருநாள் முழுக்க நின்னு பாருங்க. டார்க் கணக்கை அப்புறம் போட்டுக்கலாம்.