சர்வர் படுத்தால் நஷ்டம் யாருக்கு?

“சர்வர் படுத்துடுச்சு, நாளைக்கு வாங்கம்மா.”

தோழர்களே, நூறு நாள் வேலைக்குப் போற நம்ம அம்மாக்களும் அக்காக்களும் இந்த ஒரு வரியை எத்தனை தடவைதான் கேட்பது?

கவுஞ்சியை எடுத்துக்குங்க. கொடைக்கானலைத் தாண்டி, பூம்பாறை, மன்னவனூர் பக்கத்து மேல்மலை. பூண்டும் உருளையும் கேரட்டும் விளையிற மண். காட்டு வேலை இல்லாத நாளில் நூறு நாள் வேலைதான் உப்பு புளிக்கு வழி. ஆனால் வருகைப் பதிவு இப்போது செல்போன் ஆப்பில். 2023 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க இது கட்டாயம். ஒரு நாளைக்கு இரண்டு முறை போட்டோ. மூடுபனி இறங்கினால் பக்கத்தில் நிற்கிற ஆளே தெரியாத மலையில், டவரை எங்கே போய்த் தேடுவது? போட்டோ ஏறலைன்னா, மண்ணை வெட்டினதுக்கு சாட்சி இல்லை.

அதைத் தாண்டினால் அடுத்த கண்டம். 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாகத்தான் கூலி. வேலை அட்டையில் ஒரு எழுத்து, ஆதாரில் வேற எழுத்து இருந்தால் காசு நின்று போகும். என்ன ஆச்சுன்னு கேட்க மலைப்பாதையில் கொடைக்கானலுக்குப் போகணும். அன்றைய பொழப்பும் போச்சு.

சரி, இந்தத் தாமதத்துக்கு யார் பொறுப்பு? சட்டம் தெளிவாகச் சொல்லுது. வருகைப் பதிவேடு முடிந்த 15 நாளுக்குள் கூலி வரணும். 16ஆம் நாளிலிருந்து, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் நிலுவைக் கூலியில் 0.05 சதவீதம் இழப்பீடு.

கணக்குப் போடுவோம். தமிழ்நாட்டில் 2025-26க்கான நாள் கூலி 336 ரூபாய். ஆறு நாள் வேலைக்கு 2,016 ரூபாய். அதில் 0.05 சதவீதம் என்றால் நாளுக்கு ஒரு ரூபாய். ஒரு மாதம் இழுத்தடித்தால் 30 ரூபாய்! மளிகைக் கடையில் கடன் சொல்லி நிற்கிற அம்மாவுக்கு அரசு வைக்கிற விலை இதுதான்.

அந்த ஒரு ரூபாயையும் முழுசாகக் கொடுக்க மனசில்லை. பணப் பரிமாற்ற ஆணை தயாராகும் வரைக்குமான தாமதத்தை மட்டும் எண்ணினார்கள். அதற்குப் பிறகு காசு வங்கிக் கணக்கில் ஏறும் வரை ஆன நாட்களை எண்ணவே இல்லை. 2018 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் ஸ்வராஜ் அபியான் வழக்கில் இதை ஏற்க மறுத்தது. நிர்வாகத்தின் உள் குளறுபடியைத் தொழிலாளி தலையில் கட்ட முடியாது, முழு தாமதத்துக்கும் இழப்பீடு தரணும் என்பதே தீர்ப்பின் சாரம். ஏழு வருஷத்துக்கும் மேல ஆச்சு!

இப்போ இன்னொரு பக்கம் பாருங்க. ஏ.டி.எம்.மில் நோட்டு வராமல் கணக்கில் மட்டும் பணம் கழிந்தால், 5 நாளுக்குள் வங்கி திருப்பித் தரணும். தவறினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் புகார் கொடுக்காவிட்டாலும் தானாகவே தரணும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. நல்ல உத்தரவு, வரவேற்கிறோம்.

அதுவும் மெஷின் தப்பு. இதுவும் மெஷின் தப்பு. அங்கே 100 ரூபாய், இங்கே ஒரு ரூபாயா? மண்வெட்டி பிடிச்ச கைக்கு மட்டும் என்ன தள்ளுபடி?

“ஆப் இல்லேன்னா போலி வருகை வருமே” என்பார்கள். 2025 ஜூலை 8 சுற்றறிக்கையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே என்ன சொன்னது? போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள் என்று பட்டியல் போட்டது. திருடனுக்கு வழி கிடைச்சிருக்கு, வழியடைச்சது உழைச்சவங்களுக்குத்தான்.

கம்ப்யூட்டரை எதிர்க்கவில்லை தோழர்களே. கம்ப்யூட்டர் தப்புக்கு ஏழை அபராதம் கட்டுவதைத்தான் எதிர்க்கிறோம். ஆஸ்திரேலியாவில் நலத்திட்டப் பயனாளிகள் மேல் கணினி தப்பாகக் கடன் சுமத்தியது. நீதிமன்றம் வரை போன மக்களுக்கு, வசூலித்த பணத்தோடு 11.2 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடும் தர 2020இல் அந்த அரசு ஒப்புக்கொண்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நம் கோரிக்கைகள்:

1. 16ஆம் நாள் முதல் காசு கணக்கில் ஏறும் நாள் வரை, ஒரு நாள் விடாமல் எண்ணணும்.
2. இழப்பீடு நாளுக்கு 100 ரூபாய். மனு இல்லாமல், கூலியோடு சேர்ந்தே வரணும்.
3. ஆப் வேலை செய்யாத நாளில் பணித்தள பொறுப்பாளரின் காகிதப் பதிவே செல்லணும்.
4. இழப்பீட்டை மாநில அரசு முதலில் கொடுத்துவிட்டு, தாமதத்துக்குப் பொறுப்பானவர்களிடம் வசூலிக்கணும். விதியில் ஏற்கனவே இருப்பதுதான் இது. ஒன்றிய அரசைக் கைகாட்டிவிட்டுச் சென்னை தப்பிக்கக் கூடாது.

அக்டோபர் 2 கிராம சபை வருது. எந்த வாரம் வேலை செய்தீங்க, எந்தத் தேதியில் காசு ஏறியது என்று இன்றே எழுதி வையுங்க. பாஸ்புக்கோடு சபைக்கு வாங்க, கேள்வி கேளுங்க, தீர்மானம் போடுங்க.

உழைப்பு எங்களது, தாமதம் உங்களது. நஷ்டம் மட்டும் எப்படி எங்களதாகும்?

#கூலி_எங்கே #தாமதத்துக்கு_இழப்பீடு #நூறுநாள்வேலை