குழி தோண்டும் நாயை அடிக்காதீர்கள்

கெடாவிலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால், குளியலறைத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஆசையாகக் கனகாம்பரம் வைத்திருக்கிறாராம். வெயில் தொடங்கியதிலிருந்து அவர் வீட்டு நாய் அந்தச் செடிகளைப் பறித்துப் போட்டுக் குழி தோண்டி, அதற்குள் படுத்துக்கொள்கிறதாம். இரண்டு முறை அடித்தும் பயனில்லை. "இப்போது சங்கிலி போட்டு வெளியே மரத்தில் கட்டிவிட்டோம். இந்தக் கெட்ட பழக்கத்தை எப்படி நிறுத்துவது?" என்று கேட்கிறார்.

சகோதரி, அது கெட்ட பழக்கமே இல்லை. வெயிலில் நாய்க்குத் தெரிந்த வைத்தியம் அது.

நமக்கு வெயிலில் உடம்பெல்லாம் வியர்க்கிறது. வியர்வை காயக் காய உடம்புச் சூடு தணிகிறது. நாய்க்கோ பாதங்களின் அடியில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். அதனால்தான் அது நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கிறது. நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் காற்றில் காய்ந்து, சூட்டையும் கொண்டுபோய்விடும். ஆனால் நம் நாட்டுக் காற்றிலேயே ஈரம் அதிகமாயிற்றே! கொடியில் போட்ட துணி காயாத புழுக்க நாளில், நாய் எவ்வளவு இரைத்தாலும் போதாது. அப்போது அது ஈர மண்ணைத் தேடிப் போய், ரோமம் குறைந்த வயிற்றை அதில் வைத்துப் படுக்கும். மேல்மண் சுட்டால் தோண்டும். அடி மண் குளிர்ச்சி என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மலேசியாவில் கோடை என்று தனியாக ஒன்று இல்லை என்பார்கள். பெர்லிஸ், கெடா மக்களிடம் கேட்டுப் பாருங்கள்! ஆண்டின் முதல் மூன்று, நான்கு மாதங்கள் அங்கே மண் வெடிக்கும். 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி பெர்லிஸ் சூப்பிங்கில் வெப்பம் 40.1 டிகிரி செல்சியஸைத் தொட்டது. ரப்பர் மரங்கள் இலை உதிர்ப்பதும் கிட்டத்தட்ட இதே மாதங்களில்தான். நிழல் மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் மரம் மொட்டையாக நிற்கிறது. உங்கள் நாயை எந்த மரத்தில் கட்டியிருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே, சகோதரி. அதுதான் எனக்குக் கவலை.

கவலைக்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. அப்பா பால்வெட்டுக்குப் போனால் கூடவே போகும். தோட்டத்து மாரியம்மன் திருவிழா அன்று, கோயில் வரைக்கும் வந்து தொந்தரவு செய்யக் கூடாதே என்று காலையில் அதைக் கொல்லைப்புறத்து ரப்பர் மரத்தில் கட்டிவிட்டுப் போனோம். சட்டி நிறையத் தண்ணீரும் வைத்தோம். திரும்பி வரும்போது மணி மூன்றிருக்கும். சட்டி கவிழ்ந்து கிடந்தது. மரத்தைச் சுற்றிச் சுற்றிச் சங்கிலி ஒரு முழமாகக் குறைந்திருந்தது. நாய் எழுந்திருக்கவில்லை. அம்மா பதறிப்போய் வாயில் தண்ணீர் ஊற்றினார். அது உள்ளே போகாமல் புரையேறியது. பொழுது சாயுமுன் போய்விட்டது. "காலையில் நிழலாகத்தானே இருந்தது" என்று அப்பா பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

நிழலாகத்தான் இருந்தது. சூரியன் நகர்ந்தது, சங்கிலி நகரவில்லை.

கட்டவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த வீட்டுக் கோழியைப் பிடிக்கிற நாயை அவிழ்த்துவிட்டால் சண்டை வீட்டுக்குள் வந்துவிடும். கட்டுவதானால் பகல் பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே கம்பி இழுத்து, அதில் ஒரு வளையம் கோத்து, வளையத்தில் சங்கிலியை மாட்டினால் நாய் தானே நிழலுக்கு நகர்ந்துகொள்ளும். மரத்தைச் சுற்றிச் சிக்கவும் சிக்காது. தகரத்தில் கூண்டு செய்திருந்தால் அது பகலில் அடுப்புதான். மேலே செம்பனை மட்டைகளைப் பரப்பி, பக்கங்களைத் திறந்துவிடுங்கள். காய்ந்த மட்டையில் பாம்பு அண்டும். அடிக்கடி மாற்ற வேண்டும்.

பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்குச் சாதாரண நாளிலேயே அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். வெயிலில் இன்னும் அதிகம். கனமான மண்சட்டியைப் பாதி மண்ணில் புதைத்து வைத்தால் கவிழாது, தண்ணீரும் சுடாது. தினமும் கழுவி மாற்றுங்கள், ஏடிஸ் கொசு முட்டையிட இடம் கொடுக்க வேண்டாம். களைக்கொல்லி வந்த டின்னை, எத்தனை முறை கழுவியிருந்தாலும், இதற்கு எடுக்கவே எடுக்காதீர்கள். சோற்றை வெயிலுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் வையுங்கள். மிச்சமான கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து போடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த உப்பு வெயில் நாளில் வேண்டாமே.

நிழலுக்குக் கொண்டுவந்த பிறகும் இரைப்பு அடங்கவில்லை, எச்சில் கோழையாக வடிகிறது, ஈறு செக்கச் செவேலென்று இருக்கிறது, நடை தள்ளாடுகிறது, வாந்தி எடுக்கிறது என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அது வெப்பத் தாக்கு. உடம்பு முழுவதும், முக்கியமாக வயிறு, தொடை இடுக்கு, பாதங்கள் நனையத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். அட்டையோ முறமோ கையில் கிடைத்ததால் விசிறுங்கள். ஐஸ் தேடி ஓட வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வருவது வெந்நீர்! அதைக் கீழே விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள். ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டுப் போய்விடாதீர்கள், சூடு உள்ளேயே அடைந்துவிடும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தானாகக் குடித்தால் குடிக்கட்டும். உடம்பு கொதிக்கிறதே, காய்ச்சலாக்கும் என்று பானடோல் கொடுப்பவர்களும் உண்டு. இந்தச் சூடு மாத்திரைக்கு அடங்காது. அந்த மாத்திரை நாய்க்கு விஷமாகவும் ஆகலாம். சூடு தணியத் தொடங்கியதும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எழுந்து வாலாட்டினாலும் போக வேண்டும், ஏனென்றால் உள்ளே சிறுநீரகம் கெட்டிருப்பது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும்.

பட்டணத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்குப் போய் ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று நாயைக் காரில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாலும் உள்ளே சூடு ஏறத்தான் செய்யும். மூக்கு சப்பையான பக் போன்ற நாய்கள் மற்றவற்றைப் போல இரைத்துச் சூட்டைத் தணிக்க முடியாதவை. அவற்றுக்கு இன்னும் ஆபத்து. தார்ச் சாலையில் நடத்திச் செல்லுமுன் புறங்கையைச் சாலையில் வைத்துப் பாருங்கள். உங்களால் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது.

கெடா சகோதரிக்கு: சங்கிலியை இன்றே அவிழ்த்து, குளியலறைப் பக்கத்து ஈர மண்ணை நாய்க்கே விட்டுக்கொடுங்கள். கனகாம்பரத்தைக் கிளையில் ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். இரண்டு குச்சிகளை ஒரு பழைய வாளியில் ஊன்றி வீட்டு முன்புறம் வைத்துக்கொள்ளுங்கள். மழை வந்ததும் நாயே குழியை விட்டு அஞ்சடிக்கு வந்துவிடும்.