கிளச்சுக்குள் புகுந்த காற்று

குடும்பத்தின் வயிற்றுப்பாட்டைச் சுமக்கும் வாகனம் ஒன்று இருக்குமாயின், அதன் நலத்தில் வீட்டார் அனைவருக்கும் பங்குண்டு. இலங்கையில் மரக்கறியும் மீனும் சீமெந்தும் ஏற்றி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்புகள் அத்தகையவை. அவற்றில் தோன்றும் ஒரு கோளாற்றையும், அதனை வீட்டு முற்றத்திலேயே தீர்க்கும் முறையையும் இம்மாதம் நோக்குவோம்.

ஒரு நாள் காலையில் கிளச் பெடல் வழக்கத்துக்கு மாறாக மெத்தென்று தாழ்ந்துவிடுகிறது. கியர் விழ மறுக்கிறது. வலிந்து தள்ளினால் பற்சக்கரங்கள் கரகரக்கின்றன. பெடலை இரண்டு மூன்று முறை விரைந்து மிதித்தால் மட்டும் அது சற்று இறுகி, கியர் விழுகிறது. இதைக் கண்டவுடன் தட்டுத் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, கியர்ப் பெட்டியையே இறக்கிவைப்போர் உளர். தேய்ந்த தட்டு வழுக்கும். இயந்திரம் எவ்வளவு இரைந்தாலும் வண்டி மேட்டில் ஏறாது. கியர் விழ மறுப்பது வேறு நோய். மிதிக்க மிதிக்கப் பெடல் இறுகுமாயின், குழாயினுள் காற்று புகுந்துள்ளதென்றே முதலில் ஐயுற வேண்டும். ஒரு மாத வருவாயை விழுங்கும் வேலைக்கு முன், ஒரு போத்தல் பிறேக் ஒயிலோடு தீரக்கூடியதைச் செய்து பார்ப்பதன்றோ அறிவுடைமை?

பெடலை மிதிக்கும்போது மேலுள்ள மாஸ்டர் சிலிண்டர் ஒயிலைத் தள்ளுகிறது. அது குழாய் வழியே இறங்கி, கியர்ப் பெட்டியின் பக்கத்திலுள்ள கீழ்ச் சிலிண்டரின் தண்டை நகர்த்துகிறது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறைவின்றி எங்கும் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பஸ்கால் வகுத்த விதி. ஒயில் எளிதில் சுருங்காது, காற்றோ சுருங்கும். கீழ்த் தண்டு நகரவேண்டிய தூரம் மிகச் சிறிது. ஆகையால் ஒரு சிறு குமிழிகூட நம் கால் கொடுத்த அசைவில் பெரும் பங்கை விழுங்கிவிடுகிறது.

காற்றை வெளியேற்றுமுன் அது எவ்வழியே நுழைந்தது என்று கேட்டல் வேண்டும். பிறேக் பட்டைகள் தேயத் தேய, பிறேக் ஒயிற் கலத்தின் மட்டம் இயல்பாகவே தாழும். கிளச்சில் அவ்வாறன்று, தட்டுத் தேய்வதால் அதன் கலத்தின் மட்டம் தாழ்வதில்லை. எனவே தாழ்ந்திருப்பின் எங்கோ கசிவு உண்டு. கீழ்ச் சிலிண்டரின் வாயிலுள்ள றப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். பின்னர் சாரதியின் காலடியில், பெடலின் தண்டு மாஸ்டர் சிலிண்டருக்குள் நுழையுமிடத்தைத் தடவிப் பாருங்கள். ஈரம் கண்டால் உள்ளிருக்கும் றப்பர் பழுதடைந்துவிட்டது. அதனை மாற்றாமல் காற்றை மட்டும் எடுப்பது, ஓட்டைப் படகில் நீர் இறைப்பதற்கே ஒப்பாகும்.

இனிச் செய்முறை. இதற்கு இருவர் வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, கைப்பிறேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவும். பெடலில் இருப்பவர் தெளிவாகக் கேட்டு நடப்பவராக இருக்கட்டும்; சிறு பிள்ளைகளை அருகே விடலாகாது. கலத்தின் மூடியில் குறித்துள்ள வகைப் புது ஒயிலை நிரப்புங்கள். கீழ்ச் சிலிண்டரிலுள்ள நிப்பிளைத் துடைத்து, அதில் ஒளி ஊடுருவும் றப்பர்க் குழாய் ஒன்றைச் செருகி, மறுமுனையைச் சிறிது ஒயில் ஊற்றிய கண்ணாடிப் போத்தலுள் அமிழ்த்துங்கள்.

மேலிருப்பவர் பெடலை மெதுவாகச் சில தடவை மிதித்து, இறுதியில் அழுத்திப் பிடிக்க வேண்டும். கீழிருப்பவர் நிப்பிளை அரைச் சுற்றளவு தளர்த்த, ஒயிலோடு குமிழிகள் வெளிவரும். பெடல் தரையைத் தொடும். நிப்பிளை இறுக்கிய பின்னரே, “விடு” என்று சொல்ல வேண்டும். இறுக்குமுன் காலை எடுத்தால் வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே இழுக்கப்படும். பெடல் தானாக எழாவிடின் கையால் உயர்த்துங்கள். ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை கலத்தை நிரப்புங்கள். அது வற்றினால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். குமிழிகள் முற்றாக ஒழியும்வரை தொடர்க.

சில எச்சரிக்கைகள்: பிறேக் ஒயில் வர்ணப் பூச்சை அரிக்கும், சிந்தினால் உடனே நீரால் கழுவுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ‘டொட் 3’ வகைப் புது ஒயில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாமல் கொதிநிலை கொண்டது. ஈரம் ஏறினால் அவ்வெல்லை 140 பாகைவரை இறங்கக்கூடும். ஆதலின் நெடுநாள் திறந்து கிடந்த போத்தலையும், குழாய் வழியே வெளிவந்த ஒயிலையும் பயன்படுத்தாதீர்கள். இயந்திர ஒயிலைத் தவறியும் ஊற்றாதீர்கள். றப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

வேலை முடிந்ததும், முன்னும் பின்னும் ஆளில்லா இடத்தில் கால்பிறேக்கை மிதித்தபடி இயந்திரத்தை இயக்கி, கிளச்சை அழுத்திச் சற்றுப் பொறுத்துப் பின்கியரைப் போட்டுப் பாருங்கள். ஓசையின்றி விழுந்தால் நலம். பெடல் இறுக்கமாக இருந்தும் கியர் கரகரத்தால் குறை தட்டிலோ கவையிலோ இருக்கலாம். அப்பொழுது கராஜை நாடுங்கள். முற்றாக விடுபடாத கிளச்சுடன் வண்டியைச் சந்தைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். கியரில் நிற்கும் வண்டி, பெடலை மிதித்திருந்தும் தானாக ஊர்ந்து, முன்னே நிற்பவரை மோதக்கூடும்.

கலத்தில் ஒயில் நிற்கும் மட்டத்தைக் கோடிட்டு வையுங்கள். எட்டு நாள் சென்று பாருங்கள். ஒயில் கோட்டிலேயே நின்றால் வேலை முடிந்தது; இறங்கியிருந்தால் கசிவைத் தேடும் வேலை இன்னும் இருக்கிறது.