பெயரைக் கேட்டோமா?

சென்ற மாதம் அலுவல் காரணமாக நான்கு நாட்கள் மும்பை சென்று திரும்பினேன். கண்ட காட்சிகளை அடுக்கி உங்கள் பொழுதைப் போக்குவது என் நோக்கமன்று. அங்கே ஒருவர் என்னை அழைத்த முறையும், மற்றொருவர் என்னைக் கேட்ட கேள்வியும் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. அந்த உறுத்தல் எனக்கு மட்டும் உரியதன்று. நம்மில் பலருக்கும் உரியது என்று கருதுவதால் எழுதுகிறேன்.

பெரியமேட்டில் தோல்பைகள் செய்யும் சிறு தொழிற்கூடம் ஒன்றில் கணக்கெழுதுவதும் சரக்கு வாங்குவதும் என் பணி. பைகளுக்கு வேண்டிய ஜிப், பக்கிள், லைனிங் துணி ஆகியவற்றை விலை பேசி வாங்கிவர என்னை அனுப்பினார்கள். இந்தியும் அறியேன், மராத்தியும் அறியேன். சரக்குக் கடையொன்றில் நுழைந்ததும் என் பெயரும் ஊரும் அச்சிட்ட அட்டையைக் கொடுத்தேன். கடைக்காரர் அதை மேசைமீது வைத்தார். பிறகு உள்ளே திரும்பி ஏதோ சொன்னார். அதில் எனக்குப் புரிந்தது ஒரே சொல்: "மதராசி!" அன்றும் மறுநாளும், கணக்குப் பிள்ளை முதல் மூட்டை தூக்குவோர் வரை எனக்கு அதுவே பெயர். மேசைமீது கிடந்த அட்டையை எவரும் படிக்கவில்லை.

அவர்கள் என்னை அடிக்கவில்லை, ஏசவுமில்லை, தேநீர்கூடக் கொடுத்தார்கள். ஆயினும் என் பெற்றோர் இட்ட பெயரை யாரோ கழற்றி வாங்கிக்கொண்டது போலிருந்தது. கொதித்த உள்ளத்தோடு தாராவிக்குள் நடந்தேன்.

தாராவியைக் குடிசைகளின் காடு என்று மட்டும் அறிந்தவர்கள் பலர். அது உழைப்பின் ஊர் என்பதை அறிந்தவர்கள் சிலரே. தமிழகத்திலிருந்து சென்ற முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கினர். சௌராஷ்டிரத்துக் குயவர்கள் சூளை வைத்தனர். உத்தரப் பிரதேசத்திலிருந்து பூவேலைக்காரரும் தையற்காரரும் வந்தனர். நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்கப் போனோர் இன்றும் விடியுமுன் இட்லி அவித்து, மாநகரெங்கும் சுமந்து சென்று விற்கின்றனர்.

அத்தகைய இட்லிக் கடைக்காரர் ஒருவரிடந்தான் என் மனக்குறையைக் கொட்டினேன். 1964இல், 16 வயதுச் சிறுவனாக, நெல்லைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ரயிலேறியவர். "அண்ணாச்சி, பெயர் சொன்ன பிறகும் மதராசி என்கிறார்களே!" என்றேன். அவர் சிரித்தார். "இப்ப வெறும் பேச்சோட போகுது தம்பி. நாங்க கண்டது வேற" என்றார்.

அவர் கண்டது எது? வரலாறு அறிந்ததுதான். 1960இல் தொடங்கிய 'மார்மிக்' வார ஏடு, பம்பாய் நிறுவனங்களில் உயர்பதவி வகித்த தென்னாட்டார் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. 1966இல் சிவசேனை தோன்றியது; தொடக்க ஆண்டுகளில் தென்னாட்டார் எதிர்ப்பே அதன் முழக்கம். லுங்கி கட்டியவனை விரட்டு என்ற குரல் தெருவில் எழுந்தது. "வேட்டிய மடிச்சுப் பொட்டியில வச்சோம், கால்சட்டை மாட்டிக்கிட்டோம். தமிழ்ல எழுதின போர்டக் கழட்டினோம்" என்றார் அண்ணாச்சி. கலவரம் என்ற வதந்தி எழும்போதெல்லாம் கடைப் பாத்திரங்களைத் தம் வீட்டில் வைத்துக் காத்தவர் யார் தெரியுமா? பக்கத்து அறையில் குடியிருந்த மராத்திய மில் தொழிலாளி!

அந்த மில் தொழிலாளியின் பின்கதையைக் கேளுங்கள். 1982 ஜனவரி 18 அன்று பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் ஆலைகளைவிட்டு வெளியேறினர். அந்தப் போராட்டம் முறையாக முடிந்ததாக எவரும் அறிவிக்கவில்லை. வேலையும் பெரும்பாலோர்க்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. புகைபோக்கி நின்ற நிலங்களில் இன்று வணிக மாளிகைகளும் வானளாவும் குடியிருப்புகளும் நிற்கின்றன. மராத்திய இளைஞனுக்கு வேலையில்லை என்ற துயரம் அன்றும் உண்மை, பின்னரும் உண்மை. ஆனால் ஆலைக் கதவைப் பூட்டியவன் இட்லி விற்ற தமிழனா? நிலத்தை மாளிகையாக்கியவன் கணக்கெழுதிய மதராசியா? இல்லை என்பதை மாநகரமே அறியும். பகைவன் யாரென்று தவறாகக் காட்டப்பட்ட தொழிலாளி, உண்மையான அடி விழுந்த நாளில் தனித்து நின்றான். மும்பை எனக்குக் கற்பித்த பாடம் இது.

விடைபெறும்போது அண்ணாச்சி கேட்டார்: "நம்ம ஊர்ப்பக்கம் இப்ப வடநாட்டுப் பிள்ளைங்க நெறைய வேலைக்கு வந்திருக்காமே. அவங்கள நல்லா வச்சிருக்கியளா, தம்பி?"

தோழர்களே, நான் விடை சொல்லவில்லை. சொல்ல நாவெழவில்லை. எங்கள் கூடத்தில் தோல்கட்டு ஏற்றி இறக்கும் ஒடிசா இளைஞன் ஒருவன் உண்டு. இரண்டாண்டுகளாக நாள்தோறும் காண்கிறேன். கூலிப் புத்தகத்தில்கூட ஒப்பந்தக்காரர் பெயரே இருக்கும். அவன் பெயர் இராது. "ஏ, வடக்கா!" என்பேன், வருவான். இரண்டு நாள் பெயரிழந்து நான் கொதித்தேனே, அவன் இரண்டாண்டுகளாகப் பெயரிழந்து நிற்கிறான். இழக்கச் செய்தவன் நான்!

"வெளியூரார் வந்து குவிவதால் நம்மவர் கூலி குறைகிறதே, வேலை போகிறதே" என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. அக்கவலையை எள்ளி நகையாட மாட்டேன். கட்டட வேலையிலும் பின்னலாடைத் தொழிலிலும் அந்தக் கவலைக்கு இடமிருக்கிறது. ஆனால் கூலியை நிர்ணயிப்பவர் யார்? ரயிலிலிருந்து இறங்கும் ஏழையா, அவனை அழைத்துவரும் ஒப்பந்தக்காரரும் அமர்த்தும் முதலாளியுமா? 1979இல் இயற்றப்பட்ட மாநிலம்விட்டு மாநிலம் பெயரும் தொழிலாளர் சட்டம், ஒரே வேலைக்கு உள்ளூர்த் தொழிலாளிக்குக் குறையாத கூலி, ஒப்பந்தக்காரருக்கு உரிமம், இடப்பெயர்ச்சிப் படி, பயணப் படி என்றெல்லாம் விதித்தது. பின்னர் 2020ஆம் ஆண்டின் தொழிற்சட்டத் தொகுப்பில் அது கரைக்கப்பட்டது. ஏட்டில் இருந்த அந்த நீதி எத்தனை தொழிற்கூடங்களில் நடைமுறைக்கு வந்தது? வந்தவனுக்கும் இருந்தவனுக்கும் ஒரே கூலி என்றால், மலிவு என்பதற்காக ஒருவனை அமர்த்தி மற்றவனை விலக்க யாரால் முடியும்? நம் கூலியைக் காக்கும் வழி அவன் கூலியை உயர்த்துவதே.

வெறுப்பு எவ்வளவு விரைவாகத் தீயாகும் என்பதையும் கண்டோம். 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துச் சென்றது. பரப்பப்பட்ட செய்தி பொய்யென்று தெளிந்தது. நம்மீது வீசப்பட்ட பழி பொய்தான். ஆனால் "வடக்கன்" என்று நாம் நாள்தோறும் வீசும் சொல் பொய்யா? அத்தகைய சொற்கள் உலர்ந்த சருகுகள்; பொய் என்னும் பொறி விழ அவை காத்துக் கிடக்கின்றன.

கடல் கடந்து தேயிலைக்கும் ரப்பருக்கும் கூலியாகச் சென்ற இனம் நம் இனம். 1948இல் இலங்கைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோது நெஞ்சம் பதறியவர்கள் நாம். கணியன் பூங்குன்றன் பெயரை மேடையில் முழங்கிக் கைதட்டல் பெறுகிறோம். மேடையைவிட்டு இறங்கியதும் மூட்டை சுமப்பவனின் பெயரைக் கேட்க மறக்கிறோம். நமக்கு நேர்ந்தால் அநீதி, நாம் இழைத்தால் வேடிக்கையா?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. நம் தொழிற்சங்கங்கள் அவர்களையும் உறுப்பினராக்கட்டும். கூலியில் பேதம் காட்டும் இடங்களைக் கிளைக் கழகங்கள் கணக்கெடுக்கட்டும். மாலையில் விளக்கெரியும் நம் படிப்பகங்களில் வாரம் இருநாள் அவர்களுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுத் தரட்டும். தமிழறியாதவன் என்று ஏளனம் செய்வதைவிடத் தமிழைக் கற்பிப்பதே தமிழுக்குச் செய்யும் தொண்டு. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்தியிருக்கிறது. அண்ணாச்சியின் பிள்ளைகள் அத்தகைய பள்ளியில் படித்தவர்களே.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, அந்த இளைஞரிடம் சென்று பெயரைக் கேட்டேன். முதலில் அஞ்சினார், வேலை போகப் போகிறது என்று நினைத்தாராம். பிறகு சொன்னார். கூலிப் புத்தகத்தில் அந்தப் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டினேன். விரலால் எழுத்துகளைத் தொட்டுப் பார்த்தார். கூலி இன்னும் உயரவில்லை. அதற்கான பேச்சு இனித்தான். ஆயினும் பெயரில்லாதவனுக்காக எவரும் வாதாட முடியாதல்லவா?

உங்கள் ஊரில், உங்கள் தெருவில், உங்கள் பட்டறையில் அப்படி ஒருவர் இருப்பார். நாளை திங்கட்கிழமை. வேலைக்குச் சென்றதும் முதலில் அவர் பெயரைக் கேளுங்கள்.