எண் ஏறினால் கம்பி இளைக்கும்



நம் குடும்பங்களில் மின்பணி கற்று, வளைகுடா நாடுகளுக்குச் சென்று பொருளீட்டும் இளைஞர்கள் பலர். அத்தகையோரைச் சிலவேளை திகைக்க வைக்கும் ஒரு சிறு கணக்கை இம்மாதம் எடுத்துக்கொள்வோம். கையிலுள்ள வரைபடம் "12 ஏ.டபிள்யூ.ஜி." என்று கூறுகிறது. கடையில் கிடைக்கும் கேபிளிலோ "2.5 சதுர மி.மீ.", "4 சதுர மி.மீ." என்று அச்சிடப்பட்டுள்ளது. இவற்றுள் எதை வாங்குவது?

சவூதி அரேபியாவில் எண்ணெய் தேடும் உரிமை 1933ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க நிறுவனத்திற்கு அளிக்கப்பட்டது. அமெரிக்கப் பொறியாளர்கள் வந்த வழியே அவர்களுடைய அளவுமுறைகளும் வந்து சேர்ந்தன. எனவே அமெரிக்க இயந்திரங்கள் இயங்கும் இடங்களில் இவ்விரு முறைகளையும் அறிந்திருப்பது இன்றியமையாதது.

ஏ.டபிள்யூ.ஜி. என்பது 'அமெரிக்கன் ஒயர் கேஜ்' என்பதன் சுருக்கமாகும். 1857ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் வழங்கிவரும் இம்முறைக்கு, அதனை வகுத்த நிறுவனத்தின் பெயரால் 'பிரவுன் அண்ட் ஷார்ப் கேஜ்' என்ற பெயரும் உண்டு. இம்முறையில் எண் ஏற ஏறக் கம்பி மெலிந்துகொண்டே போகும். காரணம் எளிது. பொற்கொல்லர் தங்கத்தைச் செய்வது போலவே, தடித்த செம்புக் கம்பியைத் துளைகளின் வழியே திரும்பத் திரும்ப இழுத்து மெல்லியதாக்குவர். இழுப்பு கூடக் கூடக் கம்பி இளைக்கும், எண்ணோ உயரும்.

மெட்ரிக் முறை இதற்கு நேர்மாறானது. கம்பியின் குறுக்குவெட்டில் செம்பு எவ்வளவு பரப்பு உள்ளதோ, அதுவே அதன் அளவு. எண் பெரிதானால் கம்பியும் பெரிது.

மனத்தில் நிறுத்த ஒரு வழி

அமெரிக்க முறையில் 36ஆம் எண்ணின் விட்டம் 0.005 அங்குலம், 0000 எனப்படும் தடித்த கம்பியின் விட்டம் 0.46 அங்குலம். இவ்விரண்டிற்கும் இடையில் ஒரே விகிதத்தில் அமைந்த 39 படிகள் உள்ளன. இதனால் எளிய விதியொன்று கிடைக்கிறது. எண் மூன்று குறைந்தால் செம்பின் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். மூன்று கூடினால் பாதியாகும்.

10ஆம் எண் 5.26 சதுர மி.மீ. என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். 7ஆம் எண் ஏறத்தாழ 10.5, 4ஆம் எண் 21, 13ஆம் எண் 2.6 என்று எஞ்சியவை தாமே வந்துவிடும். அன்றாடம் வேண்டப்படுபவை இவை:

14ஆம் எண்: 2.08 ச.மி.மீ.; வாங்கவேண்டியது 2.5
12ஆம் எண்: 3.31 ச.மி.மீ.; வாங்கவேண்டியது 4
10ஆம் எண்: 5.26 ச.மி.மீ.; வாங்கவேண்டியது 6
8ஆம் எண்: 8.37 ச.மி.மீ.; வாங்கவேண்டியது 10
6ஆம் எண்: 13.3 ச.மி.மீ.; வாங்கவேண்டியது 16
4ஆம் எண்: 21.15 ச.மி.மீ.; வாங்கவேண்டியது 25
0ஆம் எண்: 53.5 ச.மி.மீ.; வாங்கவேண்டியது 70

ஒன்றைக் கவனித்தீர்களா? இரண்டு முறைகளும் ஓரிடத்திலும் சரியாகப் பொருந்தவில்லை. ஆகவே 'கிட்டத்தட்ட அதுதான்' என்று கீழே இறங்கலாகாது. எப்போதும் அடுத்த பெரிய அளவையே கொள்ளவேண்டும். 0ஆம் எண்ணுக்கு 50 சதுர மி.மீ. மிக அருகில்தான் நிற்கிறது. எனினும் அது சிறியதே.

விலை கருதி 12ஆம் எண்ணின் இடத்தில் 2.5 போட்டால் என்ன நேரும்? அதே மின்னோட்டத்தில் கம்பியினுள் பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிகும். அமெரிக்க விதிப்படி பொதுவாக 14ஆம் எண் செம்புக் கம்பிக்கு 15 ஆம்பியர், 12ஆம் எண்ணுக்கு 20, 10ஆம் எண்ணுக்கு 30 ஆம்பியர் பிரேக்கர் வைப்பர். பிரேக்கர் கம்பியைக் காக்கும் காவலன். கம்பியை மெலிதாக்கிவிட்டுக் காவலனைப் பழையபடியே விட்டுவைத்தால், அவன் விழித்துக்கொள்ளும் முன்பே சுவருக்குள் மேலுறை உருகத் தொடங்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது. தெரியும் நாளில் வீடு தீப்பற்றியிருக்கும்.

தவறு நேரும் இடங்கள்

முதலாவது, 'கேஜ்' என்ற பெயர் ஒன்றானாலும் முறைகள் வேறு. மோட்டார் காயில் கட்டுவோர் நம் நாட்டில் பயன்படுத்தும் எஸ்.டபிள்யூ.ஜி. பிரிட்டிஷ் முறையாகும். நம் பழைய வீடுகளில் '3/20' என்று வழங்கிய ஒயரும் அம்முறையைச் சார்ந்ததே. 20ஆம் எண் இழைகள் மூன்று, ஆக ஏறத்தாழ 2 சதுர மி.மீ. செம்பு. பிரிட்டிஷ் 14ஆம் எண் ஏறத்தாழ அமெரிக்க 12ஆம் எண்ணுக்குச் சமம். எந்நாட்டு எண் என்று கேளாமல் கம்பியைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, சதுர மில்லிமீட்டரை விட்டம் என்று கொள்வது. 2.5 சதுர மி.மீ. ஒற்றைக் கம்பியின் விட்டம் ஏறத்தாழ 1.78 மி.மீ. மட்டுமே.

மூன்றாவது, மேலுறையைப் பார்த்து மதிப்பிடுவது. பருத்த உறைக்குள் மெலிந்த செம்பு இருக்கக்கூடும். பல இழை கேபிளில் இழைகளின் செம்பு அனைத்தும் சேர்ந்த பரப்பே கணக்கு.

நான்காவது, உலோகம். மேற்கண்டவை யாவும் செம்புக்கு உரியவை. அலுமினியம் அதே அளவில் குறைந்த மின்னோட்டத்தையே தாங்கும்.

இன்னுமொன்று. கம்பி செல்லும் குழாய், சுற்றுப்புறத்தின் வெப்பம், கம்பியின் நீளம் ஆகியவற்றைப் பொறுத்து இன்னும் தடித்த கம்பி தேவைப்படலாம். பாலைவனக் கோடையில் கூரையின்மேல் ஓடும் கேபிளும், குளிரூட்டிய அறைக்குள் ஓடும் கேபிளும் ஒன்றாகுமா? எனவே மேற்கண்ட பட்டியல் முதற்படியே. முடிவான அளவை அந்நாட்டு விதிநூலையும் பொறுப்பிலுள்ள பொறியாளரையும் கேட்டே கொள்ளவேண்டும்.

பெற்றோரே! உங்கள் பிள்ளை இத்தொழிலுக்குச் செல்வதாயின், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, இக்கணக்கு தெரியுமா என்றும் கேளுங்கள். அவன் பதிக்கும் கம்பியைச் சுவர் மூடிவிடும். அதன்பின் யாரும் அதனைப் பார்க்கப்போவதில்லை. ஆயினும் முன்பின் அறியாத ஒரு குடும்பம் அச்சுவரருகே அச்சமின்றி உறங்குகிறது. அவர்களுடைய உயிர் அவன் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஒரு படி தடித்த கம்பிக்குக் கூடுதலாகும் செலவு அதன்முன் எம்மாத்திரம்?