சென்னைல எங்க பாஸ்?

காலேஜ்ல முதல் நாள். பக்கத்து பெஞ்ச் கேட்கும்: “எந்த ஊரு?” நீங்க கெத்தா சொல்வீங்க: “சென்னை!” அடுத்த கேள்வி வரும்: “சென்னைல எங்க?” அப்பதான் குரல் இறங்கும். “அது... ஆவடி.”

ஏன் பாஸ் இறங்கணும்?

1955 ஜனவரியில காங்கிரஸ் மாநாடு நடந்தது உங்க ஊர்ல. நேரு வந்தார். அப்போ முதலமைச்சர் காமராஜர். நாடு ‘சோஷலிச பாணி’யில போகணும்னு தீர்மானம் போட்டாங்க. அரசியல் பாடப்புத்தகத்துல ‘ஆவடி தீர்மானம்’னு வரும் பாருங்க, அதேதான். மத்தவங்க மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குற இடத்துல நீங்க தினமும் பஸ் பிடிக்கிறீங்க!

அப்புறம், டாங்க். 1965-ல விஜயந்தா இங்கே இருக்கிற கனரக வாகனத் தொழிற்சாலையில இருந்துதான் வெளியே வந்தது. 1971 போர்லயும் ஓடிச்சு. பின்னாடி வந்த அர்ஜுனை வடிவமைச்சதும் ஆவடியில இருக்கிற ஆராய்ச்சி நிலையம்தான். ‘ஆர்மர்டு வெஹிகிள்ஸ் அண்ட் அம்யூனிஷன் டெப்போ ஆஃப் இந்தியா’ - இதோட சுருக்கம்தான் ஆவடின்னு ஒரு கதை சொல்வாங்க. கேட்க ஜோராத்தான் இருக்கு. ஆனா டாங்க் தொழிற்சாலை வர்றதுக்கு முன்னாடி, 1955-லயே ஊர் பேர் ஆவடிதானே? எனக்கு நம்பிக்கை இல்லை.

சிக்கல் என்னன்னா, மதுரைக்காரன் ஃப்ரெண்டைக் கூட்டிட்டுப் போய் கோபுரத்தைக் காட்டலாம். நீங்க காட்ட முடிஞ்சது நீளமான காம்பவுண்டு சுவர். உள்ளே போக பாஸ் வேணும், பாஸ்! மிச்சம் இருக்கிறது 2019-ல சீரமைச்சுத் திறந்த பருத்திப்பட்டு ஏரி. சாயங்காலம் நடக்க நல்லா இருக்கும். ரயில்ல போனா அடுத்த ஸ்டேஷனோட பேரே ‘இந்து கல்லூரி’. காலேஜ் பேர்ல ஸ்டேஷன் வேற எத்தனை பேருக்கு வாய்க்கும்? கொஞ்சம் தள்ளி ‘பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்’. பேரைக் கேட்டு மிரண்டுடாதீங்க, வர்றது சாதா மின்சார ரயில்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்ததுன்னு தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா ரிடையர் ஆகிட்டாங்க. உங்க தெருவுலயே அப்படி ஒரு தாத்தா இருப்பார். ஞாயித்துக்கிழமை போய், “விஜயந்தா ஓடுனதைப் பார்த்திருக்கீங்களா தாத்தா?”னு கேளுங்க. சேர் போடுவார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு லேட்டாகும்னு முன்னாடியே அம்மாகிட்ட சொல்லிட்டுப் போங்க.