உறையாத தயிர்

போன மாதம் எங்கட வீட்டில தயிர் உறையவே இல்ல. உம்மா சட்டியைத்தான் ஏசினா. பேந்துதான் தெரிஞ்சது, பால் தந்த மாட்டுக்கு மடிவீக்கமாம். பென்சிலின் ஊசி போட்டிருக்காங்க. அந்த மருந்து பாலுக்கும் இறங்கும். மடியில உள்ள கிருமியோட, தயிரை உறைய வைக்கிற பக்டீரியாவையும் விடாது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாத ஆட்களுக்கு அந்தப் பால் ஆபத்து. காய்ச்சினாலும் மருந்து முழுசாப் போகாது.

அதனாலதான் கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் பால் விற்கக்கூடாது என்று மருந்துக்கு மருந்து ஒரு கணக்கு இருக்கு. போத்தலில அது இருக்கும், இங்கிலீஷில, பொடி எழுத்தில. வாசிச்சாலும், அத்தனை நாள் பாலைக் கொட்டினா மாட்டுக்காரர் வீட்டு அடுப்பு எரியுமா? அவரைக் கள்ளன் என்கிறது லேசு. ஊசி போடுறவர் திகதியைத் தமிழில எழுதிக் கொடுக்கணும். நட்டத்தில பால் வாங்குற நாமும் பங்கெடுக்கணும்.

உம்மா அந்த வாரம் பால் எடுக்கல்ல. காசை மட்டும் அனுப்பினா.